முண்டகம் எந்த முள்ளி?

விருத்தாசலத்தைத் தொட்டு ஓடும் மணிமுத்தாறு, கூடலையாற்றூரில் வெள்ளாற்றோடு கலக்கிறது. வெள்ளாறு கிழக்கே போய்ப் பரங்கிப்பேட்டையில் கடலைத் தொடுகிறது. பீங்கான் தொழில் ஊரான விருத்தாசலத்திலிருந்து பிச்சாவரத்து அலையாத்திக் காட்டுக்குச் சாலை வழியே சுமார் 60 கி.மீ. பேருந்தில் ஒரு முற்பகல் பயணம். அந்தத் தொலைவுக்குள் நன்னீர் உவர்நீராகிறது, செம்மண் சேறாகிறது, முந்திரித் தோப்பு சுரபுன்னைக் காடாகிறது. கூடவே 'முள்ளி' என்ற ஒரு பெயர், ஒரு செடியை விட்டு இன்னொரு செடிக்குத் தாவுகிறது.

ஆற்றின் மேற்பக்கம், ஏரிக்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் நிற்பது நீர்முள்ளி. கீழ்ப்பக்கம், உப்பங்கழியின் கரையில் அடர்ந்து கிடப்பது கழிமுள்ளி. கழுதைமுள்ளி என்றும் அதற்குப் பெயர் உண்டு. ஆங்கிலேயர் இதன் இலையில் கிறிஸ்துமஸ் அலங்காரத்துக்குரிய ஹாலி இலையின் சாயலைக் கண்டு 'கடல் ஹாலி' என்றார்கள். இரண்டும் முள் உடையவை. இரண்டும் நீலம் கலந்த ஊதாப் பூ பூப்பவை. இரண்டும் நீரை விட்டு அகலாதவை. தாவரவியலிலும் இரண்டும் ஒரே குடும்பம்.

சங்கப் பாடல்களின் கடற்கரையில் பூக்கும் முண்டகம் இவற்றுள் எது? இந்தக் கேள்விக்கு உரையாசிரியர்கள், நிகண்டுக்காரர்கள், ஐரோப்பியத் தாவரவியலாளர்கள், தமிழ் ஆய்வாளர்கள் என்று நூற்றாண்டுகளாகப் பலர் விடை சொல்லி வந்திருக்கிறார்கள். விடைகள் ஒன்றோடொன்று முழுதாகப் பொருந்துவதில்லை. கழிமுள்ளியை அடையாளம் காண்பது எப்படி, கடலை விட்டு விலகிய ஊரில் அதை வளர்க்க முடியுமா என்ற நடைமுறைக் கேள்விகளும் இதே முடிச்சிலிருந்துதான் கிளம்புகின்றன.

பாடல்கள் என்ன சொல்கின்றன

முண்டகம் நெய்தல் நிலத்துச் செடி என்பதில் பாடல்களுக்குள் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. ஐங்குறுநூற்றின் நெய்தல் பகுதியில் (121) ஒரு பெண் தன் முண்டக மாலை நனையக் கடலில் பாய்கிறாள். புறநானூறு 24இல் மாங்குடி கிழார் காட்டும் பெண்களும் முண்டக மாலைதான் அணிந்திருக்கிறார்கள். நுங்கின் நீர், கரும்புச் சாறு, இளநீர் மூன்றையும் கலந்து குடித்துவிட்டுக் கடலாடப் போகிறார்கள். நற்றிணை 245இலும் முண்டகப் பூ கூந்தலில் ஏறுகிறது.

சிறுபாணாற்றுப்படையில் எயிற்பட்டினத்துக்குப் போகும் கடற்கரை வழியில் தாழை, செருந்தி, புன்னை ஆகியவற்றோடு முண்டகமும் வருகிறது. அங்கே அதன் பூவுக்கு உவமை ஒளிவிடும் மணி. தமிழ்க் கவிதையில் அடைமொழி இல்லாத மணி பெரும்பாலும் நீலமணியையே குறிக்கும் என்பதால், பூவின் நிறத்துக்கு இது வலுவான சான்றாகக் கொள்ளப்படுகிறது. எயிற்பட்டினத்தை இன்றைய மரக்காணத்தோடு இணைப்போர் பலர். அப்படியானால் இந்தக் காட்சியும் பிச்சாவரத்துக்கு வடக்கே, இதே கரையில் கண்ட காட்சிதான்.

பண்புகளுக்கு வரையறை சொல்லும் பாடலாகப் பலரும் அறிந்த கலித்தொகை 133, முண்டகத்தைத் தில்லையின் பக்கத்தில் நிறுத்துகிறது. தில்லை, சிதம்பரத்துக்குப் பெயர் தந்த மரம். பிச்சாவரத்துச் சதுப்பில் இன்றும் வளர்கிறது. பால்பட்டால் கண்ணும் தோலும் எரியும். தில்லைக்கு அருகே நிற்கும் முள்செடி என்றால், அந்தக் காட்டை நேரில் பார்த்தவர்களுக்குக் கழிமுள்ளிதான் முதலில் நினைவுக்கு வரும்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் 'முள்ளி' என்ற சொல்லே வரும் பாடல்கள் இருக்கின்றன. அவை பெரும்பாலும் மருத நிலத்தைச் சேர்ந்தவை. ஐங்குறுநூற்றின் கள்வன் பத்தில் நண்டு முள்ளியின் வேரடியில் வளை தோண்டுகிறது. அகநானூறு 26இல் முள்ளி வயலை ஒட்டி நிற்கிறது. அதன் முள் வளைந்தது. பூவின் வெண்ணிறக் காம்பு மீன்முள்ளைப் போன்றது. விளையாட்டுப் பெண்கள் விழாவுக்கு அதையும் சேகரிக்கிறார்கள்.

இதைக் கொண்டு வயலில் இருப்பது முள்ளி, கழியில் இருப்பது முண்டகம் என்று கோடு போட்டுப் பிரிப்பது எளிது. பெரும்பாலான பாடல்களுக்கு அந்தக் கோடு பொருந்தும். சில பாடல்களில் அது நெளிகிறது. அவற்றைப் பிறகு பார்க்கலாம்.

தாமரை உள்ளே வந்த வழி

பிற்காலத் தமிழில் முண்டகம் என்றால் தாமரை. சென்னை மயிலாப்பூரின் முண்டகக்கண்ணி அம்மன் கோயில் பெயருக்கு இன்று வழக்கமாகச் சொல்லப்படும் பொருளும் 'தாமரைக் கண்ணாள்' என்பதுதான். பறக்கும் ரயில் பாதையில் அந்தப் பெயருடன் ஒரு நிலையமே இருக்கிறது. தினமும் அதைக் கடக்கும் ஒருவருக்கு முண்டகம் உப்பங்கழியில் நிற்கும் முள்செடி என்று தோன்ற வழியில்லை.

நிகண்டுகளும் அகராதிகளும் இந்தப் பெயர்மாற்றத்தைப் பதிவு செய்கின்றனவே தவிர விளக்குவதில்லை. முள், முள்ளுடைய தூறு, தாழை, தாமரை எனப் பொருள்கள் வரிசையாக அடுக்கப்படுகின்றன. பாட்டியற்றுவோருக்குச் சொல் எடுத்துக் கொடுப்பதே நிகண்டின் வேலை. செடியைச் சுட்டிக் காட்டுவது அதன் நோக்கமல்ல. ஆனாலும் அந்தப் பட்டியலில் ஒரு பொது இழை தெரிகிறது. தாழை மடலின் விளிம்பில் முள், தாமரைத் தண்டில் முள், முள்ளியில் முள். முண்டகம் முதலில் 'முள் உடையது' என்ற பண்பைக் குறித்து, பின்பு இடத்துக்கு இடம் வெவ்வேறு செடிகளில் போய்த் தங்கியிருக்கலாம்.

இந்தக் கருத்தின் பலம், எல்லாப் பொருள்களையும் ஒரே வேரில் கட்டிவிடுவது. பலவீனமும் அதுவே. முள் உள்ள எதையும் முண்டகம் எனலாம் என்றால், ஒரு குறிப்பிட்ட பாடலில் வரும் முண்டகம் எது என்ற கேள்விக்கு விடையே கிடைக்காமல் போகும். சங்கப் புலவர்கள் அத்தனை தளர்வாகச் சொல்லாண்டதாகத் தெரியவில்லை. தாழையும் முண்டகமும் ஒரே காட்சியில் தனித்தனியே பெயர் சொல்லப்படுகின்றன.

மலபார் ஏடும் லின்னேயஸும்

பெயர்க்குழப்பம் தமிழுக்கு மட்டும் வாய்த்ததல்ல. கொச்சியின் டச்சு ஆளுநர் வான் ரீட் தொகுப்பித்த 'ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ்' 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியரின் அறிவு அதற்குப் பெரும் துணை. அதில் கழிமுள்ளி 'பைன சுள்ளி' என்றும், நீர்முள்ளி 'பகெல் சுள்ளி' என்றும் படத்துடன் இடம்பெறுகின்றன. இரண்டுக்கும் பொதுப்பெயர் சுள்ளி; வேறுபடுத்துவது முன்னொட்டு மட்டும். தமிழில் 'கழி', 'நீர்' என்ற முன்னொட்டுகள் செய்வதும் இதே வேலை. கடலோர மக்கள் இரண்டையும் உறவாகவும் வேறாகவும் ஒருங்கே பார்த்திருக்கிறார்கள் என்பதற்கு இது நல்ல சான்று.

லின்னேயஸ் 1753இல் கழிமுள்ளிக்கு 'அகாந்தஸ் இலிசிஃபோலியஸ்' என்று பெயர் வைத்தார். அகாந்தஸ் என்பதன் கிரேக்க மூலத்துக்கு முள் என்று பொருள். இலிசிஃபோலியஸ் என்றால் ஹாலி இலை உடையது. ஆக, கிரேக்கமும் தமிழும் முள்ளைப் பிடித்தே பெயரிட்டிருக்கின்றன. அந்த லத்தீன் பெயர் இன்றுவரை மாறவில்லை. நீர்முள்ளிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. பார்லேரியா, அஸ்டெரகாந்தா, ஹைக்ரோஃபிலா ஸ்பைனோசா என்று பல பெயர்களைக் கடந்து இப்போது ஹைக்ரோஃபிலா ஆரிகுலாட்டாவாக நிற்கிறது. லத்தீன் பெயர் கிடைத்துவிட்டால் அடையாளச் சிக்கல் தீரும் என்று நினைப்போர் கவனிக்க வேண்டிய கதை இது. பழைய சித்த மருத்துவ நூல்களிலும் பல்கலைக்கழக ஆய்வேடுகளிலும் இந்த எல்லாப் பெயர்களும் இன்னும் உலவுகின்றன.

'கழுதை' எங்கிருந்து வந்தது? தமிழில் செடிப் பெயருக்கு முன் விலங்கு வந்தால், பயிர்ச்செடியைப் போன்ற காட்டுச்செடி, அல்லது நல்லதைப் போன்ற மட்டமானது என்ற தொனி அடிக்கடி இருக்கும்: நாய்க்கடுகு, நாய்த்துளசி, கழுதைத்தும்பை. அந்த வரிசையில் கழுதைமுள்ளி பொருந்துகிறது. மருந்துக்கு உதவும் நீர்முள்ளியை 'நல்ல முள்ளி'யாக வைத்து, உப்புக்கரையில் நிற்பதைக் கழுதையோடு சேர்த்திருக்கலாம். 'கழி' என்பதே பேச்சில் திரிந்து 'கழுதை' ஆகியிருக்கலாம் என்ற ஊகத்துக்கும் இடம் உண்டு. அதை நிறுவ இடைப்பட்ட வடிவங்கள் கிடைக்க வேண்டும்.

ஊர்ப்பெயர்களும் இந்தக் கதையில் சாட்சிகள். முத்துப்பேட்டைக் கழிமுகத்தை நோக்கி ஓடும் முள்ளியாறு, ஈழத்தில் நந்திக்கடலை ஒட்டிய முள்ளிவாய்க்கால் ஆகிய பெயர்கள் முள்ளி நீரோரச் செடி என்பதை உறுதி செய்கின்றன. ஆனால் அந்த நீர் நன்னீரா உவர்நீரா என்று பெயர் மட்டும் சொல்வதில்லை.

செடியைக் கையில் எடுத்தால்

பி. எல். சாமி, கு. சீநிவாசன் போன்றோர் சங்கச் செடிகளைத் தாவரவியலோடு ஒப்பிட்டு நூல்கள் எழுதிய பிறகு, விவாதம் சொல்லிலிருந்து செடிக்கு நகர்ந்தது. செடியை நேரில் பார்ப்பவருக்கு இரண்டு முள்ளிகளையும் பிரிப்பது கடினமல்ல. எதைப் பார்ப்பது என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நீர்முள்ளியின் தண்டு நான்கு பட்டை உடையது. ஒவ்வொரு கணுவிலும் இலைகள் வட்டமாகச் சூழ்ந்து நிற்கும். அவற்றின் கக்கத்தில் ஊசி போன்ற நீண்ட முட்கள். இலை விளிம்பில் முள் இல்லை. பூக்கள் அந்த முட்களுக்கு நடுவே கணுவில் கூட்டமாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் மேல் உதடு, கீழ் உதடு என்று இரண்டு உண்டு. விதையை நீரில் போட்டால் வழவழப்பான கூழ் கட்டும். சித்த மருத்துவத்தில் நீர்முள்ளிக் குடிநீர் சிறுநீர் பெருக்கியாகப் பெயர் பெற்றது.

கழிமுள்ளியில் முள் இலையில் இருக்கிறது. பளபளப்பான தடித்த இலையின் விளிம்பு பல் பல்லாக வெட்டுண்டு, ஒவ்வொரு பல்லின் நுனியிலும் முள். கணுக்களிலும் சிறு முட்கள் உண்டு. தண்டின் கீழ்க் கணுக்களிலிருந்து வேர்கள் இறங்கிச் சேற்றில் ஊன்றும். பூக்கள் கிளை நுனியில் கதிராக மேலெழும். பூவுக்குக் கீழ் உதடு மட்டுமே உண்டு. மேல் உதடு இல்லாததால், தடித்த காம்புடைய நான்கு மகரந்தத் தாள்கள் திறந்தவெளியில் நிற்கும். தேன்சிட்டும் தச்சன் வண்டும் தேடி வரும் பூ இது. காய் முற்றினால் வெடித்து நான்கு தட்டை விதைகளைத் தூர எறியும். வெயில் நேரத்தில் இலைமேல் உப்புப் படிகங்கள் மினுக்குவதைப் பார்க்கலாம். இலையிலுள்ள சுரப்பிகள் மிகுதி உப்பை வெளியேற்றுவதால் வரும் மினுக்கு அது.

ஒரு பொறி இங்கே காத்திருக்கிறது. நிழலிலும் உப்புக் குறைந்த இடத்திலும் வளரும் கழிமுள்ளியின் இலைகள் முள்ளே இல்லாமல் மழமழவென்று இருக்கக்கூடும். ஒரே புதரில் இரண்டு வகை இலைகளும் தென்படுவதுண்டு. ஆகவே இலை முள்ளை மட்டும் நம்பி முடிவெடுப்பது ஆபத்து. பூவும் நுனிக்கதிரும்தான் உறுதியான அடையாளம். இதே இனத்தில் வெள்ளைப் பூப்பூக்கும் அகாந்தஸ் எப்ராக்டியேட்டஸ், கொடிபோல் சுற்றிப் படரும் அகாந்தஸ் வாலுபிலிஸ் என்ற உறவினர்களும் இந்தியக் கரைகளில் உண்டு. முதலாவதைப் பிரிக்க, பூவின் அடியில் இருக்கும் சிறு செதில் இலைகளைப் பார்ப்பார்கள்: கழிமுள்ளியில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு இருக்கும், எப்ராக்டியேட்டஸில் இருக்காது.

இணையத்தில் 'கடல் ஹாலி' விதை என்று வாங்குவோர் இன்னொரு குழப்பத்தில் மாட்டிக்கொள்வார்கள். உலகத் தோட்டச் சந்தையில் அந்தப் பெயர் பெரும்பாலும் எரிஞ்சியத்தைக் குறிக்கும். ஐரோப்பிய மணற்கரைகளில் நீலச்சாம்பல் நிறத்தில் விறைத்து நிற்கும் அந்தச் செடி கொத்தமல்லிக் குடும்பம். முள்ளிக்கு உறவே இல்லை. அதன் வேரைச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்து விற்பதில் இங்கிலாந்தின் கோல்செஸ்டர் ஒரு காலத்தில் பேர்போனது. குளிர்நாட்டு எரிஞ்சியங்களில் பலவற்றின் விதைக்கு முளைக்குமுன் சில வாரம் ஈரமான குளிர் தேவை. விருத்தாசலத்துக் கோடையில் அவற்றைத் தேற்றுவது கடினம். அந்த இனத்தில் நம் வெப்பத்துக்கு எளிதாக இணங்குவது, கேரள வீட்டுத் தோட்டங்களில் ஆப்பிரிக்கன் மல்லி என்ற பெயரில் வளரும் நீள இலைக் கொத்தமல்லி வகைதான்.

பாடலுக்குத் திரும்பினால்

இந்த அடையாளங்களோடு பழைய பாடல்களை மறுபடி வாசித்தால், கழிமுள்ளியின் பக்கம் தராசு சாய்கிறது. குறுந்தொகை 49இல் அம்மூவனார் அணிலின் பல்லை உவமையாக்கி முண்டகத்தைச் சொல்கிறார். உவமை முள்ளுக்கா, தாதுக்கா என்று இரண்டு வகையாகவும் கொள்ளலாம். முள்ளுக்கு என்றால், இலை விளிம்பின் குறும்பற்கள் அதற்குப் பொருந்துகின்றன. நீர்முள்ளியின் நீண்ட ஊசிகளை அணிற்பல் என்பது கடினம். தாதுக்கு என்றாலும், மேலுதடு இன்றி வெளியே தெரியும் மகரந்தத் தாள்கள் கழிமுள்ளிக்கே உரியவை. மாலை கட்டுவதற்கும் அதுவே வசதி: பூ கிளை நுனியில் இருக்கிறது, பறிக்கக் கை கிழியாது. ஆனால் அகநானூற்றுப் பெண்கள் வயல் முள்ளியின் பூவையும் சேகரித்தார்கள் என்பதால், மாலையை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது.

இடறும் இடங்கள் மூன்று.

முதலாவது, வளைந்த முள். குறுந்தொகை 51 முண்டகத்தின் முள்ளை வளைந்தது என்கிறது. அதே அடைமொழி அகநானூறு 26இல் வயல் முள்ளிக்கு வருகிறது. ஒரே அடைமொழி இரண்டு நிலத்தின் செடிகளுக்கும் ஒட்டுவது, புலவர்கள் இரண்டையும் ஒரே முள்ளியின் இரு வடிவங்களாகக் கண்டார்கள் என்பதைக் காட்டலாம். வாய்மொழி மரபில் சொற்றொடர்கள் கைமாறி வழங்குவதன் விளைவாகவும் இது இருக்கலாம்.

இரண்டாவது, நிறம். அதே குறுந்தொகை 51இல் காற்றில் உதிரும் முண்டகப் பூ, நூலறுந்து சிதறும் முத்துகளைப் போல் துறையெங்கும் பரவுகிறது. மணி என்றால் நீலம்; முத்து என்றால் வெண்மை. உவமை சிதறலுக்கு மட்டும்தான், நிறத்துக்கு அல்ல என்பது ஒரு விளக்கம். கழிமுள்ளிப் பூவின் வெளிறிய பகுதியை நினைத்துச் சொன்னது என்பது இன்னொன்று. வெள்ளைப் பூப்பூக்கும் இனமே அன்று அந்தக் கரையில் பாடப்பட்டிருக்கலாம் என்பது மூன்றாவது. முதல் விளக்கம்தான் இருப்பதில் எளியது; மற்ற இரண்டையும் மறுக்கப் பாடலில் எதுவும் இல்லை.

மூன்றாவதுதான் கடினமானது. நற்றிணை 207இல் நெய்தல் குடியிருப்பின் குடிசைக்கு முண்டகத்தால் கூரை வேய்ந்திருக்கிறார்கள். ஆள் உயரத்தைத் தாண்டாத, முறியும் தண்டுள்ள முள்செடியைக் கூரைக்கு எடுப்பார்களா? வேய்வதற்குத் தாழை மடல் தோதானது. அகராதிகளும் தாழையை முண்டகத்தின் பொருள்களில் ஒன்றாகச் சொல்கின்றன. ஆனால் அந்தப் பொருளை இந்த ஒரு பாடலுக்காகக் கொண்டுவந்தால், மற்ற பாடல்களில் ஏன் கொள்ளவில்லை என்ற கேள்வி எழும். மாடு கடிக்காத முள்செடியைக் காயவைத்துத் தடித்த அடுக்காகப் போட்டிருக்கலாம் என்ற விடையும் அடியோடு தள்ளத் தக்கதல்ல. வேறு நல்ல புல் கிடைக்காத உப்புநிலத்தில் கைக்கு எட்டியதே கூரை.

உப்பு இல்லாமல் வளருமா

கழிமுள்ளியை வளர்ப்பது பற்றிப் பொதுவாக இரண்டு நம்பிக்கைகள் உண்டு. உப்புநீர் இல்லாமல் அது பிழைக்காது என்பது ஒன்று. உப்பைத் தாங்குமே தவிர உப்பைக் கேட்காது என்பது மற்றது. செடி எங்கே நிற்கிறது என்று பார்த்தால் இரண்டாவதற்கே சான்று அதிகம். கடலை நேரே எதிர்கொள்ளும் முகப்பைவிட, ஆற்று நன்னீர் வந்து கலக்கும் கழியின் உட்கரைகளில் அது செழித்திருக்கிறது. காட்டில் அது உப்புப் பக்கம் ஒதுங்கியிருப்பதற்குக் காரணம், நன்னீர்க் கரைகளில் வேகமாக வளரும் கோரைகளோடும் புதர்களோடும் அது போட்டியிட முடியாமையாக இருக்கக்கூடும். தொட்டியில் அந்தப் போட்டி இல்லை.

ஆகவே விருத்தாசலம் போன்ற உள்நாட்டு ஊரில் அதை வளர்க்க முடியாது என்று சொல்ல வலுவான காரணம் இல்லை. ஊர் மண்தான் ஒத்துவராது. முந்திரிக்கும் நிலக்கடலைக்கும் பேர்போன அந்தச் செம்மண் நீரைப் பிடித்து வைப்பதில்லை. அங்குள்ள வேளாண் ஆராய்ச்சி நிலையம் வி.ஆர்.ஐ. என்ற பெயரில் நிலக்கடலை, முந்திரி ரகங்களை வெளியிட்டதும் அந்த நிலத்தின் குணத்தை ஒட்டித்தான். கழிமுள்ளிக்கு வேண்டியது எதிர்மாறானது: ஏரி வண்டல், அதோடு கொஞ்சம் மணலும் மக்கிய எருவும், எப்போதும் ஈரம்.

தொட்டியைத் தேர்வதில் பீங்கான் ஊருக்குச் சாதகம் உண்டு. மெருகிடாத சுட்ட மண் தொட்டியில் உப்புநீர் சுவரில் ஊறி வெளிப்பக்கம் உலரும். நுண்துளைகளில் உப்புப் படிகமாகிப் பெருத்து, மேற்பரப்பைச் செதில் செதிலாக உதிர்க்கும். மெருகிட்ட பீங்கான் நீரை உறிஞ்சாது. மின்காப்புப் பொருளுக்குப் பீங்கானைத் தேர்ந்தெடுக்க வைக்கும் அதே குணம், உவர்ச்சேற்றுத் தொட்டிக்கும் உதவுகிறது. சேற்றுச்செடி என்பதால் அடியில் வடிகால் துளை இல்லாவிட்டாலும் கெடுதி இல்லை.

விதை, தண்டு இரண்டிலிருந்தும் செடி எடுக்கலாம். சுரபுன்னையைப் போல் தாய்மரத்திலேயே முளைத்துத் தொங்கும் பழக்கம் இதற்கு இல்லை. காய் பழுப்பேறும்போது மெல்லிய துணி கட்டி வைத்தால், வெடித்துச் சிதறும் விதைகள் அதில் தங்கும். அவற்றை உலரவிட்டுச் சேமிப்பதைவிட உடனே விதைப்பது நல்லது. தண்டு என்றால், வேர்முனை தெரியும் முற்றிய கணுக்கள் இரண்டு மூன்று உள்ள துண்டைச் சேற்றில் சாய்த்து ஊன்றினால் போதும். முதலில் நன்னீரே ஊற்றலாம். உப்பு சேர்க்க விரும்புவோர் படிப்படியாகக் கூட்டி, கடல்நீரின் கால்பங்கு அளவோடு நிறுத்திக்கொள்வது பாதுகாப்பானது. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு. கால்பங்கு என்றால் சுமார் 9 கிராம். உப்பே இல்லாத தொட்டியில் இலை முள் குறைந்து வரலாம். செடி மாறிவிட்டதாகப் பதற வேண்டியதில்லை.

பிச்சாவரத்திலிருந்து செடியைப் பிடுங்கி வருவது மட்டும் கூடாது. அது காப்புக்காடு, 2022இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது. விதையோ தண்டோ எடுக்க வனத்துறையின் அனுமதி வேண்டும்.

காவலா, களையா

காட்டுக்குள்ளும் கழிமுள்ளியைப் பற்றி ஒருமித்த கருத்து இல்லை. மரம் வெட்டுண்ட, சிதைந்த அலையாத்திப் பகுதிகளில் அது முதலில் பரவி அடர்புதராகிறது. மறுநடவு செய்வோர் சிலருக்கு அது களை: வெண்கண்டல், சுரபுன்னைக் கன்றுகளுக்கு வெளிச்சம் விடாமல் மூடிவிடும், அதை அகற்றினால்தான் காடு எழும் என்பார்கள். மறுதரப்பு அதைக் காவலாகப் பார்க்கிறது: வேர்ப்பின்னல் சேற்றைப் பிடிக்கிறது, முள் ஆடுமாடுகளைத் தடுக்கிறது, அடியில் நண்டும் மீன்குஞ்சும் ஒதுங்குகின்றன. முள்ளியின் வேரடியில் நண்டைக் கண்ட ஐங்குறுநூற்றுப் புலவர் இந்தத் தரப்புக்குப் பழைய சாட்சி, அவர் கண்டது வயல் முள்ளியாகவே இருந்தாலும்.

பிச்சாவரத்தின் அனுபவம் இந்த வாதத்தின் கேள்வியையே மாற்றுகிறது. 20ஆம் நூற்றாண்டில் பகுதி பகுதியாக மரங்களை முற்றாக வெட்டியதால் நிலம் வெயிலில் காய்ந்து தாழ்ந்தது. ஓதநீர் தேங்கி உப்பு ஏறியது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் 1990களில் மீன்முள் வடிவில் கால்வாய்கள் வெட்டி ஓதநீர் வந்துபோக வழி செய்த பிறகு நடவு பிடித்தது. அங்கே மூலச்சிக்கல் நீரோட்டம்; எந்தச் செடி முன்னால் நின்றது என்பதல்ல. இதிலிருந்து கழிமுள்ளி எங்கும் தீங்கற்றது என்று முடிவு கட்டவும் முடியாது. உப்பு குறைந்த உட்கரையில் அது கன்றுகளை அமுக்கலாம். உப்பு மிகுந்த வெற்றுச்சேற்றில் முதல் நிழலைத் தரலாம்.

முடிந்ததும் மீந்ததும்

இதுவரை சேர்ந்த சான்றுகளை எடைபோட்டால் சிலவற்றை ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். நெய்தல் பாடல்களின் முண்டகம் பெரும்பாலும் கழிமுள்ளி. மருதப் பாடல்களின் முள்ளி பெரும்பாலும் நீர்முள்ளி. தாமரை என்ற பொருள் பின்னால் வந்து சேர்ந்தது. களத்தில் இரண்டையும் பிரிக்கப் பூவின் உதடும் முள்ளின் இடமும் போதும். உப்பு கழிமுள்ளிக்கு வசதியே, கட்டாயம் இல்லை என்பதற்கு ஆதாரம் வலுவாக இருக்கிறது.

மீதமிருப்பவை அவ்வளவு எளிதில் மசியாதவை. இரண்டு முள்ளிகளுக்கும் பொதுவாக வரும் வளைந்த முள், முத்தாகச் சிதறும் பூ, முண்டகம் வேய்ந்த கூரை ஆகிய மூன்றும் ஏட்டை மட்டும் வைத்துத் தீர்பவையாகத் தெரியவில்லை. கழிமுகச் சேற்றின் ஆழ அடுக்குகளில் தங்கிய மகரந்தத்தை ஆராய்ந்தால், ஈராயிரம் ஆண்டுக்கு முன் இந்தக் கரையில் எந்த அகாந்தஸ் நின்றது என்பது பற்றி ஏதேனும் தெரியவரலாம். கூரைக்கு அது போதாது. காய்ந்த கழிமுள்ளியைக் கட்டி வேய்ந்து, ஒரு வடகிழக்குப் பருவமழையை அது தாங்குகிறதா என்று பார்ப்பதே அதற்கு நேரான சோதனை.